பூனைக்கும் ஒரு தலைவர்

இந்த நாட்டில் ஒரு பூனையின் சார்பில் பேச்சுவார்த்தை நடத்திய ஒரே தொழிற்சங்கத் தலைவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். பத்திரிகையில் பல வருடம் செய்திகளைச் சரிபார்த்துக் காலம் தள்ளியவன் நான். அந்தப் பழக்கத்தில் 'எனக்குத் தெரிந்தவரை' என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கப்போவதில்லை. இன்னொருவர் இருந்திருக்க வழியே இல்லை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மலைநாட்டில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே ஓய்வு பெற்ற அவரை எல்லோரும் 'தலைவரு' என்றுதான் கூப்பிட்டார்கள். தபால்காரருக்காவது பெயர் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவரும் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "தலைவரே, ஒங்களுக்குத்தான்" என்றே குரல் கொடுப்பார்.

தோட்டத்தில் தலைவர் என்றால் மேடை போட்டு மாலை வாங்குகிறவர் இல்லை. கூரை ஒழுகினாலும், கொழுந்து நிறுக்கும்போது தராசு சரியில்லை என்று சந்தேகம் வந்தாலும், யாருக்காவது செய்த வேலைக்குக் கணக்கில் பேர் விழாமல் போனாலும், தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய் நின்று கேட்கிற ஆள். எங்கள் தலைவர் அப்படி ஒரு தடவை தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்டுப் பங்களா வாசலில் மழையில் போய் நின்றாராம். துரை குடை கொடுத்தனுப்பினாராம். "குடை ஒரு ஆளுக்குத்தான் தொரை, லயத்துல நெறைய ஆளு இருக்கோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டு நனைந்துகொண்டே நின்றாராம். தகரம் வந்தது. தலைவருக்குச் சளியும் வந்தது. தகரம் துருப்பிடித்துப் போனது. அந்தக் கதைக்கு மட்டும் இன்னும் துரு ஏறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் யாரும் எந்தக் குறையும் கொண்டுவரவில்லை. புதிய தலைவர் வந்துவிட்டார். அவருக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் இருந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயைப் படம் எடுத்து அதில் போட்டுவிடுவார்கள். பழைய தலைவர் சலவை செய்த வெள்ளைச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்ப்பார்.

"என்னா, எல்லாம் சரியா போகுதா?"

"சரியா போகுதுங்க தலைவரே."

அந்தப் பதிலைக் கேட்டு முகம் வாடிய மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

லயத்திலிருந்து தனி வீட்டுக்கும் ஏழு பேர்ச் அளவுள்ள துண்டுக் காணிக்கும் மாறியவர்களில் அவரும் ஒருவர், என் மாமனாரும் ஒருவர். மாமனார் காலமான பிறகு அந்த வீட்டில் நானும் மனைவியும் குடியேறினோம். அவள் தலவாக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். நான் கொழும்பில் வேலையை விட்டுவிட்டு, அங்கும் இங்கும் எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் தலைவர் வீட்டுக்கும் நடுவில் காட்டுச் சூரியகாந்தி வேலி. மனிதர் நுழைய முடியாது. கவ்வாத்து நுழையும்.

கவ்வாத்து என்பது தலைவருடைய பூனை. தேயிலைச் செடியை மேலே மட்டமாக வெட்டிவிடுவதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்பார்கள். எந்தக் கதவிலோ சிக்கிப் பாதி வாலை இழந்த அந்த மஞ்சள் கடுவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

லயத்தில் பூனைகளால் வழக்கு வந்ததில்லை. நீளமான ஒரே கூரை. பூனை ஒரு முனையில் ஏறினால் மறு முனையில் இறங்கும். நடுவில் எந்த வீட்டில் சோறு கிடைத்ததோ அந்த வீட்டுப் பூனை. தனி வீடு வந்த பிறகுதான் 'உங்க பூனை எங்க காணிக்குள்ள' என்ற வாக்கியமே எங்கள் ஆட்களின் வாயில் வந்தது. எங்கள் வரிசையில் அந்த வாக்கியத்தை முதலில் சொன்ன பெருமை எனக்கு.

என் மனைவி சமையலறைக்குப் பின்னால், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் நாற்று நட்டிருந்தாள். கற்களைப் பொறுக்கி, மண்ணைப் பொடியாக்கி, சாணம் கலந்து அவள் உண்டாக்கிய பாத்தியைக் கவ்வாத்து வந்து பார்த்தது. தனக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, நாற்றுகளைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் அலுவலை முடித்து, மண்ணை மூடிவிட்டுப் போகும். மூடுவதில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது.

வேலி ஓரமாகப் போய் நின்றேன்.

"தலைவரே, உங்க பூனை எங்க லீக்ஸ் பாத்திய கக்கூசாக்கிருச்சு."

தலைவர் தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வருத்தம் தெரிவிக்க வேண்டிய இடத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"யாரு பாத்தது?"

"நாந்தான் பாத்தேன்."

"வேற சாட்சி?"

"வீட்லயும் பாத்தாங்க."

"குடும்பத்துச் சாட்சி எடுபடாது தம்பி." கொஞ்சம் யோசித்தார். "சரி, இருக்கட்டும். பிரச்சினைய இப்புடி வேலியில வச்சுப் பேசுறது மொற இல்ல. புதன்கெழம பின்னேரம் வாறேன்."

வாரத்தில் ஒரு நாள் மாலை, தோட்டத்து ஆபீசில் துரை தொழிலாளரின் குறைகளைக் கேட்பார். தலைவர்கள் அன்றைக்குத்தான் போய்ப் பேசுவார்கள். எங்கள் தலைவர் வேலை செய்த காலத்தில் அது புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை அவர் குளித்து, தலையைப் படிய வாரி, வெள்ளைச் சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டு, குடையோடு எங்கள் வாசலுக்கு வந்தார். வேலியைச் சுற்றி ரோட்டால் வந்தார். வந்தவர் எங்கள் விறாந்தையைப் பார்த்து அதிருப்திப்பட்டார்.

"மேச இல்லியா?"

உள்ளே இருந்து மேசையைத் தூக்கிவந்தேன்.

"நீங்க அந்தப் பக்கம் ஒக்காருங்க. பேனா ஒண்ணு கையில வச்சிருங்க. எழுதணும்னு இல்ல, சும்மா உருட்டிக்கிட்டு இருந்தாப் போதும். நீங்கதான் தொரை."

"நீங்களும் உட்காருங்க தலைவரே."

"தொரைக்கு முன்னால நாங்க ஒக்காந்ததில்ல. ஒக்காந்தா பேச்சு தளந்துரும்."

அவர் நின்றார். நான் பேனாவை உருட்டினேன். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

பூனை எங்கள் காணிக்குள் வரக் கூடாது என்பது என் நிலைப்பாடு. தலைவர் அதைக் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, வேலைக்கு வருகிற வழியை அடைப்பது கதவடைப்பு என்றும், கதவடைப்புக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அது என்னா வேலைக்கு வருது?"

"ஒங்க அடுப்படிக் கூரையில எலி இருக்கா, இல்லியா?"

"இருந்துச்சு."

"இருந்துச்சு." என் வார்த்தையை அப்படியே எடுத்து என் முன்னால் வைத்தார். "இப்ப ஏன் இல்ல? யாரு போனாங்க கூரைக்கு? நீங்களா போனீங்க தொரை?"

மற்ற நாட்களில் நான் அவருக்குத் தம்பி. புதன்கிழமை மட்டும் துரை.

இதெல்லாம் வயதான ஒருவரின் விளையாட்டு என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த நாள் தொலைபேசி வந்தது. தலைவரின் மகள். கொழும்பில், வத்தளைப் பக்கம் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள், நல்ல வேலை. அம்மா இறந்த நாளிலிருந்து அப்பாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் அசையவில்லை. கடைசியில் இருவரும் ஓர் இணக்கத்துக்கு வந்திருந்தார்கள்: அக்கம்பக்கத்தாருக்கு எந்தத் தொல்லையும் இல்லாதவரை அவர் இங்கே இருக்கலாம். தொல்லை என்று ஒரு சொல் வந்தாலும் அடுத்த வாரமே வேன் வரும்.

"அங்கிள், பூனையால ஒங்களுக்குக் கரச்சல்னு யாரோ சொன்னாங்க. அப்பா ஒண்ணுமே இல்லைங்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். இங்க பூன வளக்க ஏலாது. அதையும் யார்ட்டயாச்சும் குடுத்துரலாம்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம், முடிவாகவில்லை என்று மழுப்பினேன்.

அன்று மாலை தலைவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மக போன் எடுத்துச்சா?"

"எடுத்துச்சு."

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். என் காலத்துல எந்தப் பிரச்சினையா இருந்தாலும் தோட்டத்துலயே பேசி முடிச்சிருவேன். முடியாம கொழும்புக்குப் போன பிரச்சினை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல."

கெஞ்சவில்லை. தகவல் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஒரு கையால் காட்டுச் சூரியகாந்தியின் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். எந்தத் துரையிடமும் அவர் கெஞ்சியதில்லை. என்னிடம் மட்டும் கெஞ்சுவாரா?

ஆக, விளையாட்டு இல்லை. ஆனால் லீக்ஸும் விளையாட்டு இல்லை. அது என் மனைவியின் கட்சி.

தலைவருக்குத் தெரியாமல் பூனையைத் தடுத்துப் பார்த்தேன். முதலில் பாத்தியைச் சுற்றி முள்ளுக் குச்சிகள் நட்டேன். கவ்வாத்து அவற்றில் முதுகைச் சொறிந்துகொண்டது. நீலம் கலந்த தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பி வைத்தேன். அதைக் கண்டால் பூனை அண்டாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். கவ்வாத்து ஒவ்வொரு போத்தலாக முகர்ந்து பார்த்து, தனக்குப் பிடித்த ஒன்றை உருட்டி விட்டது. ஆரஞ்சு வாசம் பூனைக்கு ஆகாது என்று தோடம்பழத் தோல் போட்டேன். அதன் மேல் படுத்துத் தூங்கியது. கடைசியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற, எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவரிடம் யோசனை கேட்டேன்.

"மொளகுத்தூள் தூவுங்க," என்றார் நானா, பொட்டலத்தை மடித்துக்கொண்டே. "ஒரு தரம் மூக்குல ஏறினாச் சரி, அந்தப் பக்கமே பாக்காது."

தூவினேன். மூக்கில் ஏறியது. அரை மணி நேரத்தில் தலைவர் கம்பளியில் எதையோ பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். புதன்கிழமைகூட இல்லை. கம்பளிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் முகம் எட்டிப் பார்த்துத் தும்மியது.

"தொரை, வேல எடத்துல ஆளுக்கு அடிபட்டிருக்கு."

"அடிபடல தலைவரே. தும்முது."

"காரணமில்லாம தும்முமா? மருந்தடிக்கிற மலைக்கு ஆள அனுப்புறதுன்னா மூக்குக்குத் துணி குடுக்கணும். குடுத்தீங்களா?"

பூனைக்கு மூக்குத் துணி கொடுக்காத நிர்வாகம் என்ற முறையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவி உள்ளே போய்ப் பால் சுடவைத்துக் கொண்டுவந்தாள். கவ்வாத்து குடித்தது, தும்மியது, மறுபடி குடித்தது. குணமாகும் வரை வேலைக்கு வராது என்றும், அந்த நாட்களுக்கும் பேர் போட வேண்டும் என்றும் தலைவர் அறிவித்தார். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். குறைத்துச் செய்தால் அரைப்பேர். கவ்வாத்தின் பேருக்குரிய கூலி நெத்தலித் தலைகள் என்று அதற்கு முந்திய புதன்கிழமை பேசி முடித்திருந்தோம். எலி பிடித்தால் முழுப்பேர். பல்லியோடு வந்தால் அரைப்பேர்தான் என்பதில் நான் உறுதியாக நின்றேன். அந்தப் பேச்சுவார்த்தையில் நிர்வாகத்துக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

தும்மல் நின்றது. கவ்வாத்து எங்கள் காணிக்குத் திரும்பியது. ஆனால் எலி பிடிக்கவில்லை. சமையலறைப் படியில் வெயில் விழுகிற இடத்தில் நாள் முழுக்கக் கிடந்தது. கூரையில் எலிகள் ஓடுகிற சத்தம் கேட்டால் ஒரு காதை மட்டும் திருப்பும்.

"இது மெதுவா வேல செய்யிற போராட்டம்," என்றார் தலைவர் அடுத்த புதன்கிழமை. "மொளகுத்தூள் விஷயத்துக்கு நிர்வாகம் இன்னும் வருத்தம் தெரிவிக்கல."

"தலைவரே, அது தூங்குது."

"வெளியில நின்னு பாத்தா அப்புடித்தான் தெரியும்."

எலிகள் அரிசி மூட்டையில் ஓட்டை போட்டன. பிறகு நான் கட்டி வைத்திருந்த பழைய பத்திரிகைகளுக்குள் குடும்பம் நடத்தின. என் பெயரில் வந்த கட்டுரைகளாகப் பார்த்து அரித்திருந்தன என்று சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். பக்கத்தில் இருந்த விளம்பரங்களையும் அரித்திருந்தன. என் மனைவி அரிசியைப் புடைத்துக்கொண்டே நிர்வாகத்துக்கு எதிராகத் திரும்பினாள்.

"போய் வருத்தம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன். கொறஞ்சா போயிருவீங்க?"

"பூனைகிட்டயா?"

"தலைவருகிட்ட. பூனைக்கு வேணும்னா நான் சொல்லிக்கிறேன்."

சொன்னேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பேனாவை உருட்டியபடி, நடந்ததற்கு நிர்வாகம் வருந்துகிறது என்று சொன்னேன். தலைவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டு, உறுப்பினரிடம் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை படியில் ஒரு செத்த எலி கிடந்தது. தற்செயல் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். என் மனைவி ஒத்துக்கொள்வதில்லை.

எஞ்சியிருந்தது பாத்தி விவகாரம். இதில் தலைவர் ஒரு தீர்வோடு வந்தார். தொழிலாளிக்கு வேலை இடத்தில் மலசலகூடம் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. அதைக் கொடுக்காமல் பாத்தியில் போகாதே என்று சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. நிர்வாகம் இடம் கொடுத்தால் போதும், வேலையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். வேலி ஓரத்தில் ஒரு துண்டு இடம் காட்டினேன். தலைவர் சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு மம்பட்டியோடு இறங்கினார். கல்லைப் பொறுக்கினார், மண்ணைச் சலித்தார், ஆற்று மணல் கொஞ்சம் கலந்தார், மழைத் தண்ணீர் தேங்காமல் இருக்க ஓரத்தில் சின்ன வடிகால் கான்கூட வெட்டினார். எங்கள் குளியலறைக்கே அவ்வளவு கவனம் எடுக்கப்படவில்லை.

வேலை முடிந்ததும் கவ்வாத்தைத் தூக்கிவந்து நடுவில் விட்டார். நாங்கள் மூவரும் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றோம். அது மண்ணை முகர்ந்தது. ஒரு காலால் தட்டிப் பார்த்தது. பிறகு பாதி வாலை நிமிர்த்திக்கொண்டு நேராக லீக்ஸ் பாத்திக்கு நடந்து போய், எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தது.

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உறுப்பினருங்க சில நேரம் தலைமைக்குக் கட்டுப்பட மாட்டாங்க," என்றார். "எல்லாச் சங்கத்துலயும் உள்ளதுதான்."

என் மனைவிதான் வழி கண்டாள். லீக்ஸைப் பிடுங்கி, சலித்து வைத்த புது மண்ணில் நட்டுவிட்டு, பழைய பாத்தியைப் பூனைக்கு விட்டாள். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்த வாரம் கவ்வாத்தும் லீக்ஸோடு இடம் மாறியது. அதற்கு மண் முக்கியமில்லை, துணைக்கு லீக்ஸ் வேண்டும் என்று தெரிந்தது. அந்த வருடம் எங்கள் வீட்டில் லீக்ஸ் சமைக்கவில்லை. தலைவர் வீட்டிலும், காரணம் தெரிந்தவர் என்பதால், சமைக்கவில்லை.

தீபாவளிக்கு இரண்டொரு நாள் முன்னால் மகள் வந்தாள். வேனில் வந்தாள். பஸ்ஸிலோ ரயிலிலோ வராமல், பின் இருக்கைகளை மடித்துச் சாமான் ஏற்ற இடம் விட்ட வேனில் வந்ததை நான் கவனித்தேன். தலைவரும் கவனித்தார். அவர் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியை வெட்ட ஆரம்பித்தார். மழைக்காலத்தில் யாரும் அந்த வேலியை வெட்டுவதில்லை.

அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கண்டிப்பான பிள்ளை, அப்பாவின் மூக்கு, அப்பாவின் நிற்கிற விதம். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அங்கிள், போன்ல கேட்டா நீங்க சரியாச் சொல்ல மாட்டேங்கிறீங்க. நேராக் கேக்குறேன். அப்பாவுக்கு வயசு போயிருச்சு. ராத்திரியில ஒண்ணுன்னா தண்ணி குடுக்க ஆளில்ல. இதுல அக்கம்பக்கத்துலயும் சண்டைன்னா நான் எப்புடி நிம்மதியா இருக்கிறது? பூனையால தொல்லையா, இல்லியா?"

அவள் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. வேலியில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கென்று என் மனைவி பொரித்து மேசையில் வைத்திருந்த மீன்களில் பெரியதைக் கவ்விக்கொண்டு கவ்வாத்து உள்ளேயிருந்து வந்தது. ஓடவில்லை. ஓடுகிற பூனையாக இருந்தால் நான் வேறு பக்கம் கை காட்டியிருக்கலாம். அது எனக்கும் அவளுக்கும் நடுவால், தீபாவளிக்குச் சாமான் வாங்கிக்கொண்டு கடைத்தெருவால் போகிறவர் மாதிரி, மெதுவாக நடந்தது. மீனின் வால் நிலத்தில் இழுபட்டது.

நான் பத்திரிகையில் இருந்தவன். பார்த்ததை மட்டும் எழுது, பார்க்காததை எழுதாதே என்று பலருக்குச் சொல்லிக் கொடுத்தவன்.

"எந்தப் பூனை?" என்றேன்.

மகள் மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வேலிக்கு மேலே தெரிந்த நரைத்த தலையைப் பார்த்தாள். கதவடியில் காலித் தட்டோடு நின்ற என் மனைவி, "இங்க பூனையே வாறதில்லம்மா," என்றாள். ஒரு சாட்சியைவிட இரண்டு சாட்சி மேல் என்று அவள் நினைத்திருக்கலாம்; குடும்பத்துச் சாட்சிதான் என்றாலும்.

மகளின் வாயோரம் இறுகியது. பிறகு இறுக்கி வைத்திருக்க முடியாமல் போனது.

"சரி அங்கிள். நீங்க பேப்பர்ல இருந்தவரு. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

வேலிப் பக்கம் திரும்பி, "அப்பா," என்று கூப்பிட்டாள். "இல்லாத பூனைக்கு மீன் முள்ளு சிக்கிரப் போவுது. போய்ப் பாருங்க."

தீபாவளி முடிந்து வேன் வெறுமையாகத் திரும்பியது. சாமான் வைக்கும் இடத்தில் ஒரு முட்டைக்கோவாவும் ஒரு சாக்கு உருளைக்கிழங்கும் மட்டும் போயின. போகிறபோது மகள் எங்களிடம் தன் தொலைபேசி இலக்கத்தைத் திரும்பவும் தந்து, அப்பாவுக்கு ராத்திரியில் ஒன்று என்றால் எந்த நேரமும் எடுக்கச் சொன்னாள். எடுப்போம் என்றோம். அதில் பொய் இல்லை.

தலைவர் நன்றி சொல்ல வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் புதன்கிழமை வருவார் என்று எதிர்பார்த்தேன். மேசையை விறாந்தையில் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த புதன்கிழமையும் வரவில்லை. கவ்வாத்து மட்டும் வந்தது, தன் வேலைகளைப் பார்த்தது, போனது.

"சண்ட கிண்ட ஒண்ணும் இல்லியே?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"போய்ப் பாத்துட்டு வாங்க. வேலி மட்டும் வெட்டி முடிஞ்சிருக்கு, ஆளக் காணோம்."

போனேன். தலைவர் வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இல்லை. வெள்ளைச் சட்டை சலவை செய்து கொடியில் தொங்கியது. கோட்டு ஆணியில் இருந்தது. மடியில் கவ்வாத்து.

"என்னா தலைவரே, புதன்கெழம ஆளக் காணோம்?"

அவர் என்னைப் பார்க்காமல் பூனையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் மககிட்ட சொல்லிட்டீங்களே தம்பி, தொல்லையே இல்லன்னு. பூனையே இல்லைன்னுட்டீங்க. நல்லதுதான், நான் ஒண்ணும் சொல்லல. இருந்துட்டுப் போறேன் இங்கயே." பூனையின் காதைத் தடவினார். "பிரச்சினை இல்லாத எடத்துக்குத் தலைவரு என்னான்னு வந்து நிக்கிறது?"

வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று நானும் என் மனைவியும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தோம். அவர் வீட்டுக்குள் இருந்தார், அது உண்மைதான். என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார்.

நின்ற இடத்திலேயே குற்றச்சாட்டு ஒன்று தேடினேன். லீக்ஸ் பற்றிப் பேச முடியாது, லீக்ஸே இல்லை. எலி விஷயம் தீர்ந்துவிட்டது. மீன் விஷயத்தில் நானே பொய்ச் சாட்சி. கவ்வாத்து அவர் மடியிலிருந்து, கண்ணைப் பாதி மூடி, என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"தலைவரே," என்றேன், "உங்க ஆளு என்னையப் பாக்குற பார்வ சரியில்ல."

தடவிய கை நின்றது.

"எப்புடிப் பாக்குது?"

"மரியாத இல்லாம பாக்குது."

"எல்லா நேரத்துலயுமா, சாப்புடுற நேரத்துல மட்டுமா?"

"நான் எழுதிக்கிட்டு இருக்கும்போது சன்னல்ல வந்து ஒக்காந்து பாக்குது. எனக்கு ஒரு வரி ஓட மாட்டேங்குது."

தலைவர் பூனையைக் கட்டிலில் இறக்கினார். எழுந்தார். சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து உதறி, ஒரு கையை நுழைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பியபோது, பழைய வெளிச்சம் முகத்தில் வந்திருந்தது.

"அப்ப அதுக்கும் சொல்றதுக்கு ஏதாவது இருக்கும். ரெண்டு பக்கமும் கேக்கணும். இது பெரிய விஷயம் தொரை, ஒரு நாளுல முடியாது."

முடியவில்லை. அவர் இருந்த காலம் முழுவதும் அந்தப் பேச்சுவார்த்தை நடந்தது. முடிந்துவிடாமல் நான் பார்த்துக்கொண்டேன்.